ஜீனைத் திருத்தினால் கொலஸ்ட்ரால் குறையுமா?

இதய நலம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் குழுவின் பதில்கள்

கேள்வி: எனக்கு 36 வயசுங்க, தறி ஓட்டறேன். பீடி, குடி எதுவும் கிடையாது. அப்பாரு (தாத்தா) 48 வயசுல, எங்கப்பா 51 வயசுல மாரடைப்புல போயிட்டாங்க. போன மாசம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததுல மொத்தக் கொலஸ்ட்ரால் 310, எச்டிஎல் 42, டிரைகிளிசரைடு 150. ஒரே ஒரு தடவை மருந்து ஏத்தி, ஜீனையே மாத்தி, ஆயுசுக்கும் கொழுப்பைக் குறைக்கறாங்கன்னு படிச்சேன். எனக்கு அது ஆகுங்களா?
– வாசகர், பல்லடம்

பதில்: நீங்கள் எழுதாமல் விட்ட எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) அளவை முதலில் பார்த்துவிடுவோம். மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ராலையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 310 – 42 – 30 = 238. (டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு தப்பாகிவிடும். அவர்கள் எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.) எல்டிஎல் 190க்கு மேல், வீட்டில் இளவயது மாரடைப்பு. இரண்டும் சேர்ந்து வந்தால் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும் என்பதால் டிஎஸ்எச் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். தடித்து, முண்டு முண்டாக இருந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

இனி ஜீன் விஷயம். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கிற ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிசிஎஸ்கே9 என்ற புரதம் இந்த ஏற்பிகளை அழித்துவிடுகிறது. பிறவியிலேயே இந்த ஜீனின் ஒரு பிரதி வேலை செய்யாத அமெரிக்கக் கறுப்பினத்தவரை ஆராய்ந்த குழு 2006இல் வெளியிட்ட முடிவு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு. ஆனால் இதயநோய் 88 சதவீதம் குறைவு! பிறந்த நாள் முதலே குறைந்திருப்பதன் பலன் அது. இயற்கை சிலருக்குச் செய்ததை நாமும் செய்தால் என்ன என்பதே இந்த ஆராய்ச்சியின் தொடக்கம்.

செய்முறை இதுதான். ஜீனின் வேதி எழுத்துகளில் ஒன்றை மட்டும் மாற்றும் நொதியைத் தயாரிக்கச் சொல்லும் குறிப்பான எம்ஆர்என்ஏ, எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்று காட்டும் ஒரு சிறு ஆர்என்ஏ. இரண்டையும் நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் அடைக்கிறார்கள். ஒவ்வாமை வராமலிருக்க ஸ்டீராய்டும் அலர்ஜி மருந்தும் முன்கூட்டியே கொடுத்து, பிறகு டிரிப்ஸில் மெதுவாக ஏற்றுகிறார்கள். உருண்டைகள் கல்லீரலுக்குப் போய்ச் சேர, அங்கே ஏ என்ற எழுத்து ஜி ஆகிறது. பிசிஎஸ்கே9 உற்பத்தி நின்றுபோகிறது. கொண்டுபோன ஆர்என்ஏ சில நாளில் சிதைந்துவிடும். ஜீனில் செய்த மாற்றம் மட்டும் நிலைத்திருக்கும்.

அமெரிக்காவின் வெர்வ் நிறுவனம் இப்படிச் செய்த முதல் மருந்து 2022இல் நியூசிலாந்தில் முதல் நோயாளிக்கு ஏற்றப்பட்டது. எல்டிஎல் நன்றாகவே குறைந்தது. ஆனால் ஒருவருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறி, ரத்தத் தட்டணுக்கள் இறங்கியதால் 2024 ஏப்ரலில் அந்த மருந்தை நிறுத்திவைத்தார்கள். கோளாறு எழுத்து மாற்றத்தில் இல்லை, கொண்டுபோகும் கொழுப்பு உருண்டையில்தான் என்று கணித்து, உருண்டையை மாற்றி வெர்வ்-102 என்ற அடுத்த மருந்தைச் செய்தார்கள். 2025இல் வந்த முதல் முடிவில், கிலோவுக்கு 0.6 மி.கி. பெற்றவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 53 சதவீதம் குறைந்தது. 60 கிலோ எடைக்கு வெறும் 36 மி.கி.! வியக்க வேண்டிய சாதனைதான். ஆனால் இதுவரை மருந்து பெற்றவர்கள் சிலரே, ஆண்டுகளும் சில. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தலாம். இதைத் திரும்பப் பெற முடியாது.

அது எல்லோருக்கும் கிடைக்கும் வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது. இதய மருத்துவரைப் பார்த்து அடோர்வாஸ்டாட்டின் 40–80 மி.கி. அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20–40 மி.கி. பற்றி இந்த வாரமே பேசுங்கள். ஸ்டாட்டின் வகை மாத்திரைகளான இவை எல்டிஎல்லைப் பாதியளவு குறைக்கும். போதாவிட்டால் டோஸை இரட்டிப்பாக்கிப் பெரிய பலனில்லை, கூடுதலாக 6 சதவீதமே குறையும். எசெடிமைப் 10 மி.கி. சேர்ப்பதே சரி. உங்கள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை ஒவ்வொருவருக்கும் இந்த நோய் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களையும் லேபுக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: கோவையில இந்த ஜீன் சிகிச்சை எங்கே செய்யறாங்க? எவ்வளவு செலவாகும்?
– வாசகி, சூலூர்

பதில்: கொலஸ்ட்ராலுக்கான ஜீன் திருத்தம் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஆகவே யாராவது பணம் கேட்டு 'ஜீன் தெரபி', 'ஸ்டெம் செல்' என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். முறையான ஆய்வில் ஆய்வு மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டின் எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தருவார்கள், ஆய்வால் பாதிப்பு வந்தால் இழப்பீடு உண்டு. நம் நாட்டால் முடியாததல்ல இது. வேலூர் சிஎம்சியில் ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய்க்கு 5 பேருக்கு ஜீன் சிகிச்சை செய்து, முடிவை 2024இல் வெளியிட்டார்கள்.

கேள்வி: ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடற கொழுப்பு ஊசிங்கறது இதுதானுங்களா?
– வாசகர், உடுமலை

பதில்: இல்லைங்க. அது இன்க்ளிசிரான். ஜீனைத் தொடாது, ஜீனில் இருந்து வரும் செய்தியை மட்டும் கல்லீரலில் தடுக்கும். 284 மி.கி. தோலுக்கடியில் போடுவார்கள். முதல் ஊசி, மூன்றாம் மாதம் இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. எல்டிஎல் பாதியளவு குறையும். இந்தியாவிலும் கிடைக்கிறது, விலைதான் அதிகம். மாத்திரைகளை முழு அளவில் எடுத்தும் இலக்கு எட்டாதவர்களுக்கு ஏற்றது.

கேள்வி: எங்க மாமனாருக்கு அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சிருக்கு. இப்ப எக்கோவுல பம்பிங் 30 சதவீதம்தான்னு சொல்றாங்க. படுத்தா மூச்சு வாங்குது. ஜீன் சிகிச்சையில இதயத்தைப் பழையபடி ஆக்க முடியுங்களா?
– வாசகி, கோபி

பதில்: கொலஸ்ட்ராலைக் குறைப்பது மாரடைப்பைத் தடுக்கும், அதன் வழியாக இதயச் செயலிழப்பையும் தடுக்கும். தழும்பாகிப்போன தசையை அது மீட்காது. செயலிழப்பு வந்தவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில் (2007, 2008) இறப்பு குறையவில்லை. அதற்காக ஸ்டென்ட் வைத்தவருக்கு ஸ்டாட்டினை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த மாரடைப்பைத் தடுக்க அது வேண்டும்.

இதயத் தசைக்கே ஜீனைக் கொண்டுசெல்லும் முயற்சி வேறு. செர்கா2ஏ என்ற கால்சியம் பம்ப்பின் ஜீனை வைரஸில் ஏற்றி இதய ரத்தக் குழாய்க்குள் செலுத்தினார்கள். 39 பேரிடம் செய்த சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. 250 பேரிடம் செய்த பெரிய ஆய்வு (2016இல் வெளியானது) கைவிரித்தது. தசைக்குள் போய்ச் சேர்ந்த ஜீன் மிகச் சொற்பம். கல்லீரல் கொழுப்பு உருண்டைகளைத் தானாகவே இழுத்துக்கொள்கிறது, இதயம் அப்படி இழுப்பதில்லை. வைரஸை அதிகம் ஏற்றினால் உடலின் எதிர்ப்புச் சக்தி சீறுகிறது. டேனன் என்ற அரிய பரம்பரை இதயநோய்க்கான ஆய்வில் 2025இல் ஒரு நோயாளி இறந்துபோனார்.

உங்கள் மாமனாருக்கு இன்று உயிர் காப்பவை நான்கு வகை மாத்திரைகள்: சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன் அல்லது எனலாப்ரில் வகை, பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் வகை. நான்கும் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே எடைமெஷினில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். படுத்தால் மூச்சு வாங்குவது இப்போதே இருக்கிறது என்பதால், அடுத்த செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நாளையே காட்டுங்கள்.

தென்னந்தோப்பு வீடுகளில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஆபத்து ஒன்று உண்டு. ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றும், இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். 'சூடு தணியட்டும்' என்று தினம் இரண்டு மூன்று சீவிக் கொடுத்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக்கும் கூடாது, அது நீரைத் தேக்கும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றையும் நிறுத்துங்கள்.

கேள்வி: செக்குக் கடலை எண்ணெய்க்கு மாறி, கறியையும் குறைச்சேன். ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும் மாத்திரையை விட்டுட்டேன். சரிதானுங்களே?
– வாசகர், நாமக்கல்

பதில்: சரியில்லைங்க. நார்மல் ஆனதே மாத்திரையால்தான். விட்ட சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே வந்துவிடும். உணவு மாற்றம் நல்லது, தொடருங்கள். தசைவலி பயத்தில் விட்டிருந்தால் சிகே (தசை), எஸ்ஜிபிடி (கல்லீரல்) பரிசோதனை இரண்டும் பார்த்துவிட்டு, டோஸையோ மருந்தையோ மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் என்ற அத்தை பையனுக்கும் கல்யாணம் பேசியிருக்காங்க. எனக்கு எல்டிஎல் 215, அவருக்கு 204. கூட்டம் வேற வேறதான, பயமில்லைன்னு ஆத்தா சொல்றாங்க.
– வாசகி, காங்கேயம்

பதில்: கூட்டம் (குலம்) தகப்பன் வழியில் போகிறது. ஜீன் தாய் வழியிலும் வரும். உங்கள் அப்பாவும் உங்கள் அத்தையும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள். அவர்களிடமிருந்த ஒரே பழுது உங்கள் இருவருக்கும் வந்திருக்க இடமுண்டு. அப்படியிருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு, குழந்தை இரட்டைப் பழுதோடு பிறக்கலாம். எல்டிஎல் 400க்கு மேல் போகும், சிறு வயதிலேயே முட்டி, முழங்கையில் மஞ்சள் கொழுப்புக் கட்டிகள் வரும், இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பும் வரக்கூடும். ஏற்பியே இல்லாத அந்தக் குழந்தைக்கு பிசிஎஸ்கே9ஐ அணைத்தும் பயனில்லை. ஏஎன்ஜிபிடிஎல்3 என்ற ஜீனை நிறுத்தினால் ஏற்பி இல்லாமலும் எல்டிஎல் குறையும். அந்த ஜீனை வெட்டி நிறுத்தும் கிரிஸ்பர் முறை மருந்தை 15 பெரியவர்களிடம் சோதித்து, 2025 நவம்பரில் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். அதிக டோஸ் பெற்றவர்களுக்கு எல்டிஎல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. குழந்தைகளுக்கு அது வர நாளாகும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கொலஸ்ட்ராலுக்கான இந்த ஜீன் சிகிச்சைகள் எல்லாமே கல்லீரல் செல்லை மட்டும் மாற்றுபவை. நாளைக்கு நீங்களே செய்துகொண்டாலும் உங்கள் கருமுட்டையில் இருக்கும் ஜீன் மாறாது.

நிச்சயதார்த்தத்துக்கு முன் இருவரும் எல்டிஎல்ஆர், ஏபிஓபி, பிசிஎஸ்கே9 ஜீன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள், மரபணு ஆலோசகரிடம் ஒன்றாகப் போய்ப் பேசுங்கள். ஒருவருக்கு மட்டும் பழுது என்றால் இந்த இரட்டைப் பழுதுப் பயம் இல்லை. இருவருக்கும் ஒரே பழுது என்றால், முடிவெடுக்கும் உரிமை உங்கள் இருவருக்கும்தான். கல்யாணம் ஆகி, குழந்தைக்குத் திட்டமிடும்போது ஸ்டாட்டினைப் பற்றி மருத்துவரிடம் முன்பே சொல்லி நிறுத்த வேண்டும். குழந்தைக்கு இரண்டு வயதானதும் கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள்.