சோயாச் சுக்கா உறையில் ‘மட்டன்’ என்று போடலாமா?

சோயாவும் பலாக்காயும் சேர்த்துச் செய்யும் சுக்காவுக்கு நீங்கள் போட்ட ‘சைவ மட்டன் சுக்கா’ லேபிள் ஏற்கப்படாமல் திரும்பி வந்துவிட்டது, ‘மட்டன்’ என்று போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது திரும்பி வந்ததற்கு ‘மட்டன்’ என்ற சொல்லைவிட, மூலையில் நீங்கள் அச்சிட்டிருக்கும் இலை வைத்த பச்சை ‘வி’ முத்திரையே (வீகன், அதாவது பால், நெய் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராத உணவுக்கான அடையாளம்) காரணமாக இருக்கக்கூடும். 2022ஆம் ஆண்டின் வீகன் உணவு ஒழுங்குமுறைகளின்படி, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) ஒப்புதல் இல்லாமல் அதைப் போட முடியாது.

முதலில் உங்கள் சமையல் குறிப்பைப் பாருங்கள். தாளிக்க ஒரு கரண்டி நெய் ஊற்றினாலும் சைவத்துக்கான பச்சைப் புள்ளி செல்லும்; ‘வி’ செல்லாது. கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும் என்பதால், சோயாவோடு கோதுமையையும் ஒவ்வாமைப் பொருளாகக் குறிப்பிட வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

பெயரைப் பொறுத்தவரை, 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் பொருளின் உண்மைத் தன்மையை முன்பக்கத்திலேயே சொல்லச் சொல்கின்றன. ஆகவே ‘சோயா–பலாக்காய்ச் சுக்கா’ என்பதைப் பெரிதாகவும், ‘மட்டன் சுவையில்’ என்பதை அதற்குக் கீழே சிறிதாகவும் வைப்பது நல்லது என்பது என் கருத்து.

அடுத்து விற்க நினைக்கும் சோயா பானத்துக்கு இந்தத் தாராளம் கிடையாது. தாவரப் பானத்தைப் ‘பால்’ என்று அழைக்க அனுமதியில்லை; காலங்காலமாக வழங்கும் தேங்காய்ப் பால் போன்ற பெயர்களுக்கு விலக்கு உண்டு என்பதால், தேங்காய்ப் பாலில் செய்யும் நம்மூர்ச் சொதி பிழைத்தது.

இறைச்சிப் பெயர்களை அலுவலர்கள் வெவ்வேறு விதமாகப் பார்க்கக்கூடும். மொத்தமாக அச்சடிக்கும் முன் மாதிரி உறையைத் திருநெல்வேலி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் காட்டி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.