பக்க நடுவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். வலுதூக்கும் போட்டியில் மாநில அளவில் தங்கம் வாங்கி, முதல்முறையாக ஆசியப் போட்டிக்குப் போய்வந்தேன். 63 கிலோ பிரிவு. கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 140 கிலோவில் தொடங்கினேன். மூன்று நடுவர்களும் சிவப்பு விளக்கு. மறுபடி 140, மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவை எப்படியோ இரண்டு வெள்ளை விழுந்து தேறியது. படுத்துத் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸிலும் இரண்டு அட்டெம்ப்ட் போய்விட்டது. மூன்று லிஃப்டும் சேர்த்து மொத்தம் 367.5 கிலோ, கடைசிக்கு முந்தைய இடம். ஊரில் இதே 140ஐ மூன்று வெள்ளையோடு தூக்கியவள் நான். நம்மவர்கள் என்றால் நடுவர்கள் பாரபட்சம் காட்டுகிறார்களோ? அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் டிக்கெட் எடுத்தோம். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. என் எடை 61தான். 57க்கு இறங்கினால் பதக்கம் வாய்ப்பு உண்டா?

ர.

அன்புள்ள ர.,

பாரபட்சம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் தூக்கிப் போடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் நடுவர்கள் ஓர் அட்டையை உயர்த்திக் காட்டியிருப்பார்கள். ஸ்குவாட்டில் அது சிவப்பு அட்டையாக இருந்தால் ஆழம் போதவில்லை என்று பொருள். இடுப்பு மூட்டுப் பக்கம் தொடையின் மேற்பரப்பு, முழங்காலின் உச்சியைவிடக் கீழே இறங்கியிருக்க வேண்டும். விதி அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் விளக்கின் நிறம் இருக்கிறது, அட்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பார்க்கவே இல்லையா?

மூன்றாவது தடவை வெள்ளை விழுந்ததே, அப்போதும் அதே நடுவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். நீங்களும் அதே பெண்தான். மூன்று வாய்ப்பில் அதுவும் போயிருந்தால் உங்கள் பெயருக்கு எதிரே மொத்தம் என்று ஒன்றே இருந்திருக்காது, பிறகு தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்டில் மலையைத் தூக்கினாலும் பயனில்லை. அந்த நெருக்கடியில், இரண்டு முறை தோற்றுக் களைத்த கால்களோடு, நீங்கள் இன்னும் கீழே போய் எழுந்து வந்திருக்கிறீர்கள். அதுதான் உங்கள் முதல் 140. ஊரில் தூக்கியது 140 அல்ல. இதை எழுதும்போது எனக்கு உங்கள்மேல் எவ்வளவு மரியாதை வருகிறது தெரியுமா? நீங்களோ அதை ‘எப்படியோ’ என்று ஒரே சொல்லில் தாண்டிப் போகிறீர்கள்.

இளவயதில் நான் போன ஜிம் ஒரு குடோனை ஒட்டிய தகரக் கொட்டகை. அதை நடத்திய மாஸ்டர் யாரையும் எதிரே நின்று பார்க்கமாட்டார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வார். எதிரே இருப்பவனுக்கு ஆழம் தெரியாது, பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும் என்பார். ஒரு மாவட்டப் போட்டியில் அவர் பக்க நடுவர். மேடையில் பிரமுகர்கள், கீழே விசில். அவருடைய செல்லப்பிள்ளையான பையன் பெரிய எடையோடு உட்கார்ந்து எழுந்தான். மற்ற இருவரும் வெள்ளை கொடுத்தார்கள், இவர் சிவப்பு. பெரும்பான்மைப்படி பையனுக்குத்தான் வெற்றி, கோப்பையும் வாங்கினான். மறுநாள் ஜிம்மில் அவன் கம்பியிலிருந்து மாஸ்டர் தன் கையாலேயே தட்டுகளைக் கழற்றினார். “அவங்க ரெண்டு பேரும் உனக்குக் குடுத்தது கடன்டா. எங்கயாவது ஒரு நாள் கட்டணும்.” அவன் அழுதான். அவர் தட்டுகளைத் திரும்பப் போடவில்லை.

நம் ஊர்ப் போட்டிகளில் நடக்கும் கருணையை நினைத்தால் எனக்குக் கோபம் பொங்குகிறது. ஏழைப் பிள்ளை, பஸ் ஏறி வந்திருக்கிறது, போகட்டும் என்று வெள்ளை விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். பெஞ்ச்சில் கம்பி நெஞ்சில் அசையாமல் நிற்கவேண்டும், ‘பிரஸ்’ என்று நடுவர் சொல்லும்வரை காத்திருக்கவேண்டும். இங்கே பட்டும் படாமல் தூக்கிவிட்டாலும் கைதட்டுகிறார்கள். ஸ்குவாட்டில் கடைசி இரண்டு அங்குலம்தான் கடினமானது. அதை விட்டுக்கொடுத்தால் எடை தானாக ஏறும். பிள்ளைக்கும் பெருமை, பயிற்சியாளருக்கும் பெருமை. அந்தப் பொய்க்கணக்கை வைத்துக்கொண்டு அம்மாவின் வளையலோடு விமானம் ஏற்றி அனுப்புகிறார்கள். உங்களுக்கு அநீதி நடந்தது உண்மை, ஆனால் அது அங்கே நடக்கவில்லை.

140இல் தொடங்கச் சொன்னது யார்? முதல் அட்டெம்ப்ட் என்பது காய்ச்சலோடும் தூக்கமில்லாமலும், ‘ஸ்குவாட்’, ‘ராக்’ என்ற நடுவர் ஆணைகள் பழகாத உச்சரிப்பில் வந்தாலும் தடுமாறாமல் தூக்கக்கூடிய எடை. 125 போட்டிருக்கலாம். ஒருமுறை மேடையில் முயன்ற எடையை அதே லிஃப்டில் குறைக்க முடியாது. அதனால்தான் இரண்டாவது தடவையும் அதே 140இல் போய் மாட்டிக்கொண்டீர்கள். இது எந்தப் பயிற்சியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பெண்கள் வார்ம்அப் செய்வதைப் பார்த்து ரோஷம் வந்து சொன்ன எண் என்றால், அந்த ரோஷத்தை டெட்லிஃப்டின் மூன்றாவது அட்டெம்ப்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்கு வேலை உண்டு.

வீட்டில் கேட்காமல் இருப்பது உங்களை வருத்தக்கூடாது என்றுதான். நீங்களே அம்மாவிடம் போய் உட்கார்ந்து, அந்த மூன்றாவது ஸ்குவாட்டை முழுதாகச் சொல்லுங்கள். வீடியோ இருந்தால் காட்டுங்கள்.

57 பற்றி இப்போது பேச்சே வேண்டாம். ஜப்பானின் ஹிடெயாகி இனாபா 52 கிலோ பிரிவில் 17 முறை உலகப் பட்டம் வென்றவர், சின்ன உடம்பில் பெரிய பலம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் தொடங்குகிறது. பட்டினி கிடந்து, தண்ணீர் குடிக்காமல் நான்கு கிலோ இறக்கிவிட்டு அதற்குள் தேறமுடியாது. நன்றாகச் சாப்பிடுங்கள்.

நாளை முதல் யாரையாவது பக்கவாட்டில் தரையில் உட்காரவைத்துப் பயிற்சி செய்யுங்கள், போனையும் அங்கேயே இடுப்பு உயரத்துக்கு வையுங்கள். இந்தப் பதிலை உங்கள் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் எனக்கு எழுதுங்கள், நான் பேசுகிறேன்.