தமாலே மாதிரிகள் எல்லாமே நெகட்டிவ்: எங்கே பார்ப்பது?

கானாவில் தமாலேயிலிருந்து அக்ராவுக்கு அனுப்பும் மூக்குத்தடவல் மாதிரிகள் ஃப்ளூ, ஆர்எஸ்வி (கைக்குழந்தைகளின் மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ்), கோவிட் மூன்றுக்குமே வாரக்கணக்கில் நெகட்டிவ் வருகிறதே, எங்கே பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வைரஸ் சுற்றவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள், நண்பரே. முதலில் ஆய்வகத்திடம் ஆர்நேஸ் பி-யின் (மனித செல்லில் இருக்கும் ஒரு மரபணு) சிடி மதிப்பைக் கேட்டு வாங்குங்கள்; பிசிஆர் சோதனையில் அது எத்தனையாவது சுழற்சியில் தென்படுகிறது என்பதே அந்த எண், எண் கூடினால் மாதிரியில் சரக்கு குறைவு. மாதிரியில் மனித செல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் அந்த எண்ணே 35-ஐத் தாண்டினால், பெரும்பாலும் ஒன்று குச்சி சரியாக உள்ளே போகவில்லை, இல்லையேல் வழியில் மாதிரி கெட்டிருக்கிறது.

மாதிரியை 2–8 டிகிரி செல்சியஸில் வைத்து 72 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்; முடியாதென்றால் மைனஸ் 70 டிகிரியில் உறையவைக்க வேண்டும். கையில் இருக்கிறதே என்று மைனஸ் 20 ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்து உருகும்போது வைரஸ் சிதையும். அவ்வளவு நீண்ட சாலைப் பயணத்தில் ஐஸ் பேக்கை யார் மாற்றுகிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

ஆர்எஸ்விக்கு வேறு சிக்கல். 38 டிகிரி காய்ச்சல் இருந்தால்தான் மாதிரி என்றால், காய்ச்சலே இல்லாமல் மூச்சுத்திணறலோடு வரும் கைக்குழந்தைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். வார்டில் சேரும் குழந்தைகளுக்கு அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள்.