சுண்டல், மொச்சை, பால் எது சாப்பிட்டாலும் கேஸ். மெடிக்கலில் கொடுத்த என்சைம் மாத்திரை கேட்கவில்லை. ஏன்?

அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். நம்மூர் மெடிக்கலில் செரிமான மாத்திரை என்று கேட்டால் கொடுப்பதில் பெரும்பாலும் ஃபங்கல் டயஸ்டேஸும் பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெய்னும்தான் இருக்கும். முன்னது மாவுச்சத்தை உடைக்கும், பின்னது புரதத்தை. கணையம் நன்றாக இருப்பவருக்கு இந்த இரண்டையும் உடைக்கும் என்சைம்களுக்குப் பஞ்சமே இல்லை.

கொண்டைக்கடலையிலும் மொச்சையிலும் வாயுவைக் கிளப்புவது ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். இவற்றை உடைக்கும் என்சைம் நம் குடலில் சுரப்பதில்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்கே பாக்டீரியா புளிக்கவைக்கும். தடுக்க வேண்டுமென்றால் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் வேண்டும். லேபிளில் அந்தப் பெயர் இல்லாத மாத்திரையைச் சுண்டலுக்காகப் போடுவது வீண். போட்டதும் ஏப்பம் வருகிறதே என்பார்கள். ஏப்பம் பெரும்பாலும் விழுங்கிய காற்று. சுண்டலின் வாயு சில மணி நேரம் கழித்துத்தான் கிளம்பும்.

வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 300 முதல் 1200 யூனிட். முதல் வாயோடு போட வேண்டும். உப்பிய பிறகு போட்டால் பலனில்லை, உணவு என்சைமைத் தாண்டிப் போயிருக்கும். கொதிக்கும் குழம்பில் தூவினாலும் கெட்டுவிடும். கேலக்டோசீமியா (கேலக்டோஸ் என்ற சர்க்கரையை உடல் கையாள முடியாத பிறவி நோய்) உள்ளவர்கள் தொடவே கூடாது.

மாத்திரை வாங்குமுன் பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முளைகட்டினால் இன்னும் குறையும். பலருக்கு இதுவே போதும்.

பாலுக்கு லாக்டேஸ், அதாவது பாலின் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் என்சைம். 200 மில்லி பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ் இருக்கும். 3000 முதல் 9000 யூனிட் வரை, முதல் மடக்கோடு. சொட்டு மருந்தாக இருந்தால் சூடான காபியில் விடாமல் ஆறிய பாலில் விடுங்கள். தயிர் ஒத்துக்கொண்டு பால் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாக்டோஸ்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெங்காயம், பூண்டு, கோதுமையால் வரும் உப்புசத்துக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அவற்றில் இருப்பது ஃப்ரக்டான் என்ற வேறு வகைச் சர்க்கரை. அளவைக் குறைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கறுப்பு மாத்திரை என்றால் அதில் கரி இருக்கும். மற்ற மருந்துகளையும் உறிஞ்சிவிடும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் பப்பெய்னைத் தவிர்ப்பது நல்லது.

எடை குறைவது, மலத்தில் ரத்தம், எண்ணெய் மிதக்கும் மலம், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய உப்புசம் இவற்றில் எது இருந்தாலும் மாத்திரை தேடாமல் டாக்டரைப் பாருங்கள். பெண்களுக்கு உப்புசம் வாரக்கணக்கில் தொடர்ந்தால் சினைப்பை ஸ்கேனும் தேவைப்படலாம்.

சர்க்கரை நோய்க்கு அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கேஸுக்குக் காரணமே அதுவாக இருக்கலாம். டயஸ்டேஸ் போன்ற என்சைம்கள் அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கவும் கூடும். நீங்களாக நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றச் சொல்லுங்கள்.