பட்டாலைப் பேச்சு: புத்தகங்கள் பற்றிக் கேள்வியும் பதிலும்

சமீபத்தில் என்ன படித்தீர்கள், பிடித்ததா, பிடிக்கவில்லையா, ஏன் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர், புதுவயல் என்று சுற்றுவட்டாரம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். நாவல், வரலாறு, சுயசரிதை, சமையல் எல்லாம் கலந்து வந்திருக்கின்றன. 'அருமை' என்று மட்டும் எழுதிய கடிதங்களுக்கு நன்றி. எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், எந்த இடத்தில் மூடி வைத்தேன் என்று எழுதியவர்களோடுதான் இந்த மாதம் பேச்சு.

கேள்வி: எல்லோரும் புகழ்கிறார்களே என்று ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வாங்கினேன். ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் தலை சுற்றுகிறது. மலாய்ச் சொல், டச்சுக்காரன் வைத்த தெருப்பெயர், நடுநடுவே பழந்தமிழ்ப் பாட்டு. எங்கள் ஐயா மெடானில் வட்டிக்கடையில் இருந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக விடாமல் படிக்கிறேன். அப்படி என்னதான் இருக்கிறது இதில்? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: ஐயா மெடானில் இருந்தார் என்கிறீர்கள், அப்புறம் உங்களைவிட நெருங்கிப் படிக்கக்கூடியவர் யார்? சிங்காரம் நமக்கு அடுத்த ஊர்க்காரர், சிங்கம்புணரி. சின்ன வயதிலேயே இந்தோனேசியாவுக்கு வேலைக்குப் போய், யுத்தத்தையும் ஜப்பான்காரன் ஆட்சியையும் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு 1946-இல் திரும்பியவர். பிறகு மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல். இது 1972-இல்தான் புத்தகமாக வந்தது.

முதல் ஐம்பது பக்கத்தில் எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடைக்குள் யார் யாருக்கு மேலே, யார் யாருக்குக் கீழே என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது பிடிபட்டால் பாதி நாவல் பிடிபட்டுவிடும், ஏனென்றால் அந்த வரிசைக்குள் அடங்கி, கணக்கு எழுதி, ஊருக்குப் பணம் அனுப்பி, தவணை முடிந்தால் திரும்பி வரவேண்டிய பையன்கள், ஊரே தலைகீழாகும்போது என்ன ஆகிறார்கள் என்பதுதான் அதற்குள் இருக்கும் விஷயம். நாவலின் நாயகன் பாண்டியன் வெளிநாட்டில் நின்றுகொண்டு மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்துச் சந்தையையும் நினைத்துப் பார்க்கும் பக்கங்களுக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டில் ஐயா எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தப் பகுதியில் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். ஒரு நாவலைப் படித்தால் அதே காலத்தை, அதே இடத்தைப் பற்றிய கட்டுரைப் புத்தகம் ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள். சிங்காரத்துக்குத் துணையாக வெ. சாமிநாத சர்மா எழுதிய பர்மா நடைப்பயணப் புத்தகத்தைச் சொல்வேன். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்கடுத்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள், கப்பல் கிடைக்காதவர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தார்கள். சர்மா அப்படி நடந்து வந்தவர். அந்தப் பாதையில் வந்தவர்களும், வழியில் செத்தவர்களும் நம் ஊர் வீடுகள் பலவற்றில் உண்டு.

அதோடு நிறுத்தவும் கூடாது. நம்மவர்கள் கொண்டுவிற்க, அதாவது கடல்தாண்டித் தொழில் செய்ய, போன கதையைச் சொல்லும்போது, தேக்குத் தூண் வந்ததைச் சொல்வோம், கண்ணாடியும் பீங்கானும் வந்ததைச் சொல்வோம், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை லேசாகத் தாண்டிவிடுவோம். 1930-இல் நெல் விலை சரிந்தபோது கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் வட்டிக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது. 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார் கடைகளின் பேரில் இருந்தது. கடை நடத்தியவர்களும் நிலத்தை ஆசைப்பட்டு வாங்கவில்லை, கொடுத்த பணம் திரும்பாமல் நிலமாக வந்தது என்பதும் உண்மை. நிலத்தை இழந்தவனுக்கு அதனால் ஆறுதல் ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. டேவிட் ரட்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வணிகம் பற்றி 1994-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கடை எப்படி நடந்தது, ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் பணம் எப்படிப் போய் வந்தது, கோயில் மகமைக்கும் (வியாபாரத்திலிருந்து கோயிலுக்கு ஒதுக்கும் பங்கு) வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நாவல் பையன்களின் மனசைக் காட்டும், சர்மா கால் வலியைக் காட்டுவார், ரட்னர் கணக்கைக் காட்டுவார். மூன்றும் வேண்டும்.

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடித்துவிட்டேன். என் தோழி அதெல்லாம் நிஜ வரலாறு என்கிறாள், எங்கள் ஆசிரியர் எல்லாமே கற்பனை என்கிறார். யார் சொல்வது சரி? (அழகப்பபுரம், கல்லூரி மாணவி)

பதில்: இரண்டு பேருமே பாதிப் பாதி சரிம்மா. நந்தினி கல்கியின் கற்பனை, ஆழ்வார்க்கடியானும் கற்பனைதான். ஆனால் ரவிதாசன் நிஜம். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடிக் கோயில் கல்வெட்டில், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகிய பெயர்கள் வருகின்றன. அவர்களுடைய சொத்தைப் பறிமுதல் செய்த விவரம் அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பது இல்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் கதையை ஓட்டினார். சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதல் பகுதியை நூலகத்தில் எடுத்துப் படித்துப் பார். கல்கி எங்கே கல்வெட்டைத் தொட்டுக்கொண்டு நடக்கிறார், எங்கே கையை விட்டுவிட்டுத் தாவுகிறார் என்று நீயே கண்டுபிடிக்கலாம், தோழியோடு அடுத்த சண்டைக்கும் உதவும்.

கேள்வி: கண்ணதாசனின் 'வனவாசம்' பேரனுக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். நம்ம சிறுகூடல்பட்டிக்காரர் என்று பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் சில பக்கங்களை வீட்டில் சத்தமாகப் படிக்க முடியாது. (தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: பேரனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதென்றால் கொடுங்கள் ஐயா. தன்னை 'அவன்' என்று வெளியே நிறுத்திவைத்துவிட்டு எழுதியிருக்கிறார் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் பலம். 'நான்' என்று எழுதியிருந்தால் பாதி இடத்தில் சமாதானம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவனைப் பற்றி எழுதும்போது சமாதானம் தேவைப்படவில்லை. அரசியல் பகுதியை மட்டும் ஒரு பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்சியை விட்டு வந்த கோபத்தோடு எழுதியது அது, எதிர்ப்பக்கத்தின் பேச்சு அதில் இல்லை.

அதோடு உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்தையும் கொடுங்கள். நேர் எதிரான மனுஷர். தன்னைப் பற்றி எழுத வந்து, தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றியே அத்தனை பக்கம் எழுதியவர். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரிடம், தான் படித்த நூல்களை உ.வே.சா. வரிசையாகச் சொல்லச் சொல்ல, முதலியார் அசையாமல் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கும் இடம் இருக்கிறதே, அதைப் பேரனுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். ஒரு கேள்வி ஒருவர் ஆயுளையே திருப்பிவிட்டது. ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருக்கும்போதே 1942-இல் உ.வே.சா. காலமானார், சரித்திரம் முடியாமலே நிற்கிறது.

கேள்வி: சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' இருநூறு பக்கத்தோடு நிற்கிறது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கிறது. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. (புதுவயல் வாசகர்)

பதில்: குற்ற உணர்ச்சியை விடுங்கள், அது படிப்புக்கு உதவாது. மதுரையின் 600 வருஷத்தை எடுத்துக்கொண்ட நாவல், அரச வரலாறு ஓடும் பகுதியில் பலரும் இளைத்துப்போகிறார்கள். தாதனூர் என்ற ஊர்க்காரர்களின் களவும் காவலும் வரும் பகுதிக்குத் தாவிப் போங்கள், அங்கே பிடித்துவிட்டால் பின்னால் திரும்பி வருவீர்கள். பிடிக்காவிட்டால் தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' படியுங்கள். அந்தப் பக்கத்து மக்களுக்கும் கோயிலுக்கும் உள்ள உறவை நேரில் போய்க் கேட்டு எழுதிய ஆய்வு.

கேள்வி: என் வீட்டுக்காரர் கதைப் புத்தகம் என்றாலே நேரத்தைப் போக்கும் வேலை என்கிறார். செய்தியும் வரலாறும் மட்டும்தான் படிப்பார். (கண்டனூர் வாசகி)

பதில்: அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலைக் கொடுங்கள் ஆச்சி, நாவல் என்று சொல்லாமல் ஹைதராபாத் நிஜாம் ஆட்சி முடிந்த கதை என்று சொல்லிக் கொடுங்கள். செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ரயில்வே ஊழியர் வீட்டுப் பையன் கண்ணில் 1948 தெரிகிறது. இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்ததை வரலாற்றுப் புத்தகம் 'போலீஸ் நடவடிக்கை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது, அதை அந்தத் தெருவில் இருந்தவன் எப்படிப் பார்த்தான் என்பதற்கு நாவல்தான் வேண்டியிருக்கிறது. கடைசிப் பக்கம் படித்ததும் அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

கேள்வி: சமையல் புத்தகத்தைப் புத்தகம் என்று சொல்லலாமா? என் கையில் இருப்பது மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', எங்கள் அம்மாவின் பிரதி. (காரைக்குடி வாசகி)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். 1951-இல் வந்த புத்தகம், இன்றும் விற்கிறது. கல்யாணமாகி வேற்றூர் போன எத்தனை பெண்களுக்கு அது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது! சைவச் சமையல், நம் வீட்டு மசாலா வாடை அதில் இருக்காது. உங்கள் அம்மா ஓரத்தில் பென்சிலால் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். மிளகாயைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால் அதைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம் பக்கத்துச் சமையல் பெரும்பாலும் ஆச்சிமார் கைப்பழக்கத்தில்தான் இருக்கிறது, இப்படி ஓரத்தில் எழுதியதெல்லாம் நாளைக்குக் கிடைக்காது.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பங்காளி வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கிறது. இரண்டாங்கட்டு அறையில் அலமாரி நிறையப் பழைய புத்தகம், கணக்குப் பேரேடு, கடிதக் கட்டு. பழைய சாமான் வியாபாரி கிலோ கணக்கில் கேட்கிறார். அலமாரி மட்டும்தான் அவருக்குத் தேவையாம். (சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். கெஞ்சியே கேட்கிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இப்படிப்பட்ட அலமாரிகளையும் பழைய கடைகளையும் தேடித் தேடித்தான் அவ்வளவு பெரிய சேகரிப்பைச் சேர்த்தார். புத்தகம் மட்டும் சேர்க்கவில்லை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பழைய இதழ் என்று மற்றவர்கள் கிழித்துப்போடுவதையும் எடுத்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சேகரிப்பு தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி 1994-இல் சென்னையில் நூலகமாக்கியது. இன்று தரமணியில் இருக்கிறது, நீங்கள் சென்னையில்தானே இருக்கிறீர்கள், ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊர்ப்பக்கம் வரும்போது புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறது, தனி மனிதர் சேர்த்த பழைய தமிழ்ப் புத்தகங்கள் அங்கேயும் உண்டு.

அறையைத் திறந்ததும் முதலில் காற்றோட்டம் வேண்டும். வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் முறுகி ஒடிந்துவிடும், வளவு (உள்முற்றம்) நிழலில் பிரித்து வைத்தால் போதும். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது, சில வருஷத்தில் பழுப்பேறித் தாளையும் தின்றுவிடும். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடுவது நம் பாட்டிமார் பழக்கம், அதைச் செய்யலாம், கரையான் இருந்தால் அதற்கு வசம்பு போதாது, அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தியே ஆகவேண்டும்.

அப்புறம் ஒரு பட்டியல் எழுதுங்கள்: தலைப்பு, யார் எழுதியது, எந்த ஊரில் அச்சானது, எந்த வருஷம். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று அச்சிட்ட ஊர் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள், அவை அரிது. இராயவரம் வை. கோவிந்தனின் சக்தி காரியாலய வெளியீடு, தேவகோட்டை சின்ன அண்ணாமலையின் தமிழ்ப் பண்ணை வெளியீடு இருந்தாலும் எழுதுங்கள். நம் பக்கத்து ஆட்கள் வட்டிக்கடை மட்டும் வைக்கவில்லை, தமிழ்ப் பதிப்பை அழகாகவும் செய்து காட்டினார்கள் என்பதற்கு அந்த அட்டையும் தாளும் சாட்சி. பேரேட்டைப் புத்தகம் இல்லையே என்று ஒதுக்காதீர்கள். மேலே பள்ளத்தூர்க்காரருக்குச் சொன்ன அத்தனையும் அந்தப் பேரேட்டில் எண்ணாக இருக்கும்.

கேள்வி: ஏ.கே. செட்டியார் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்கிறார்கள், நான் ஒன்றுகூடப் படித்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்? (கோட்டையூர், பிளஸ் டூ மாணவர்)

பதில்: 'அண்ணல் அடிச்சுவட்டில்' எடுத்துக்கொள் தம்பி. 1937-இல் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில், இருபத்தாறு வயதில், காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்காக நாடு நாடாக அலைந்து, யார் யாரிடமோ கிடந்த படச்சுருள்களைச் சேர்த்து, 1940-இல் படத்தை வெளியிட்டார். அந்த அலைச்சலை அவரே எழுதியது இந்தப் புத்தகம், பதிப்பித்தவர் ஆ.இரா. வேங்கடாசலபதி. சின்னச் சின்ன வாக்கியம், தன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ளவே மாட்டார், அதனாலேயே ஒரே மூச்சில் படித்துவிடலாம். அது பிடித்தால் அவர் தொகுத்த நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்நாட்டுப் பயணக் கட்டுரைகளுக்குப் போ, ரயில் புதிதாக வந்த காலத்தில் நம்மவர்கள் எப்படி ஊர் சுற்றினார்கள் என்று தெரியும். உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வா. வாசகர் கேட்டால்தான் அவர்களும் மேலே கேட்க முடியும்.