புதிய பதிப்பு வரும்போது மென்பொருளின் இயல்புநிலை அமைப்புகளை ஏன் மாற்றுகிறார்கள்?

நாம் எதையும் குறிப்பிடாதபோது மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புதான் இயல்புநிலை அமைப்பு. டீக்கடையில் "ஒரு டீ" என்று மட்டும் சொன்னால் சர்க்கரை போட்டே வரும், அது மாதிரி.

காலப்போக்கில் பழைய தேர்வு பொருந்தாமல் போகும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் 5.7 பதிப்பு வரை இயல்பான எழுத்துத் தொகுப்பு (எந்தெந்த எழுத்துகளைச் சேமிக்கலாம் என்ற பட்டியல்) லத்தீன்1. அதில் தமிழுக்கு இடமே கிடையாது. கவனிக்காமல் விட்டால் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும், அல்லது பிழைச்செய்தி வரும். 2018-இல் வந்த 8.0 பதிப்பு இயல்பான தொகுப்பை யுடிஎஃப்8எம்பி4 என்பதாக மாற்றியது; அதில் தமிழ், எமோஜி எல்லாமே சிதையாமல் நிற்கும். எப்போதோ வந்திருக்க வேண்டிய மாற்றம் இது!

பதிப்பை உயர்த்தினாலே பழைய அட்டவணைகளும் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது, புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களுக்குத்தான் புது இயல்புநிலை, பழையவற்றை நாமேதான் மாற்ற வேண்டும்.