சும்மா கிடக்கிற கரடு

கேள்வி: எங்கள் ஊர்க் கரடு (சிறு பாறைக் குன்று) மேய்க்கால் புறம்போக்கு, அதாவது மேய்ச்சலுக்கு ஒதுக்கிய அரசு நிலம். இத்தனை ஏக்கர் சும்மா கிடக்கிறது. வேலி போட்டு மரம் நடச் சொல்லி அரசாங்கத்திடமே விட்டுவிடலாமா? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: முதலில் அந்தச் 'சும்மா'வை எடுங்கள். கரடு சும்மா கிடந்தால் உங்கள் ஊர் ஆடுகள் எங்கே மேய்கின்றன? பொங்கல் காப்புக்கு ஆவாரம்பூ எங்கிருந்து வருகிறது? உசிலை இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்த காலத்தில் நம் எல்லோர் தலையிலும் கரடுதான் இருந்தது.

மரநடு விழாவைப் பற்றிப் பலமுறை எழுதியாயிற்று, இன்னும் எழுதுவேன். பாலக்கோடு பக்கம் ஒரு கரட்டில் உசிலையை வெட்டிவிட்டுக் குழி எடுத்துப் புங்கன் கன்று வைத்திருந்தார்கள். சித்திரையில் போய்ப் பார்த்தேன். குழிக்குக் குழி காய்ந்த குச்சி. பக்கத்திலேயே வெட்டிப்போட்ட உசிலைக் கட்டை, யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல் துளிர்த்திருந்தது.

கரட்டைக் கெடுப்பது உண்ணிச்செடி (லண்டானா). புல்லை மூடிவிடும், ஆடும் வாய் வைக்காது. மேலாக வெட்டினால் முன்பைவிடப் புதராகக் கிளம்பும். தூருக்குக் கீழே மண்ணுக்குள் வேரை வெட்டித் தூரோடு எடுத்து, வேர் வெயிலைப் பார்க்கும்படி தலைகீழாகப் போட வேண்டும். அப்புறம் மழைக்கு மழை மரத்தடிகளைப் பாருங்கள். பழம் தின்ற பறவை உட்காரும் இடத்தில்தான் நாற்று முளைக்கும். பிடுங்கியதும் வீணில்லை, மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடிகள் அந்தக் குச்சியில் நாற்காலி பின்னுகிறார்கள்.

வேலி வேண்டாம். ஆடு மேய்க்கிறவரை வெளியே நிறுத்தினால், கோடையில் தீப்பிடித்தால் புகையை முதலில் பார்க்கிற ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். யானைத் தடத்தில் வேலி குறுக்கிட்டால் யானை உங்கள் கேழ்வரகுக் காட்டுக்குத் திரும்பும்.

நிலம் அரசுடையதுதான், அதனால் ஊர் கைகழுவ முடியாது. ஊர்ப் பொதுநிலத்து ஆக்கிரமிப்பை அகற்றி ஊர்ப் பயனுக்கே திருப்பித் தரும்படி 2011இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. நவம்பர் 1 கிராமசபையில் எல்லையை அளக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். எந்தத் தெரு எந்த ஞாயிற்றுக்கிழமை உண்ணி பிடுங்கும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். ஆட்டுக்காரர்கள் வராமல் அந்தக் கூட்டத்தைத் தொடங்காதீர்கள்.